இமயமலைச் சரஸுக்கும் சிவ வழிபாட்டுக்கும் உண்மையில் என்ன உறவு?

கேள்வி இது: "இமயமலையில் கையால் தேய்த்து எடுக்கும் சரஸ் சிவனுக்கு உகந்தது, வேதத்திலேயே இருக்கிறது, அதனால்தான் சாமியார்கள் புகைக்கிறார்கள் என்கிறார்கள். சரியா? பாங், கஞ்சா, சரஸ் எல்லாம் ஒன்றுதானா? வடக்கே யாத்திரை போகும்போது கோயில் விழாவில் கொடுப்பதை வாங்கினால் சட்டப்படி குற்றமா?"

முதலில் நேரான பதில். கஞ்சாச் செடி ஒன்றுதான், அதில் வரும் பொருள் மூன்று: இலை பாங், பூக்கொத்து கஞ்சா, பிசின் சரஸ். சாத்திரங்களிலும் வீட்டு வழிபாட்டிலும் இடம்பெற்றது பெரும்பாலும் இலை, அதாவது பாங். கையால் தேய்த்த சரஸ் மலைக்காட்டுப் பொருளாகவும் வணிகச் சரக்காகவும் வளர்ந்து, துறவிகள் சிலரின் வழக்கத்துக்குள் நுழைந்தது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பக்தியின் பெயரில் நம் பிள்ளைகள் சிறைக்குப் போகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கஞ்சாச் செடியில் ஆண் தனி, பெண் தனி. போதை தரும் பொருள் உருவாவது பெண் செடியின் பூக்கொத்தில், பூவை மூடியிருக்கும் சிற்றிலைகளின் மேல் நிற்கும் நுண்ணிய சுரப்பி மயிர்களில். குண்டூசி போன்ற அந்த மயிர்களின் தலையில்தான் பிசின் சேர்கிறது. அகன்ற இலையில் இவை மிகக் குறைவு. ஆகவே இலை வீரியம் குறைந்தது; அதை அரைத்தால் பாங். பூக்கொத்தை வெட்டி உலர்த்தினால் கஞ்சா. பிசினை மட்டும் பிரித்தெடுத்தால் சரஸ். இந்தியச் சட்டமும் இந்த மூன்றைத் தனித்தனியாகவே பார்க்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிசினைப் பிரிக்க இரண்டு பழைய வழிகள் உண்டு. ஆப்கானிஸ்தான், லெபனான், மொராக்கோ, பழைய யார்க்கண்ட் பக்கமெல்லாம் செடியை வெட்டி நன்றாகக் காயவைத்து, துணியில் தட்டிச் சலித்து, விழும் தூளை அழுத்திக் கட்டியாக்குவார்கள். அதற்கு வறண்ட காற்று வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் குலு, பார்வதிப் பள்ளத்தாக்கு, உத்தராகண்டின் குமாவோன், கர்வால், நேபாள மலைகள் ஆகியவை மழைக்காலத்தில் நனைந்து ஊறும் சரிவுகள். அங்கே செடி அப்படிக் காயாது. ஆகவே வேரோடு நிற்கும் பச்சைச் செடியிலேயே கை வைத்தார்கள். மழை ஓய்ந்து, செப்டம்பர் கடைசியிலிருந்து பனி விழும்வரை இது நடக்கும். அகன்ற இலைகளைக் களைந்துவிட்டு, பூக்கொத்தை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டுவார்கள். பிசின் தோலில் கரும்படலமாக ஒட்டும். ஒட்டிய இலைத்துணுக்கைத் தட்டிவிட்டு, உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துத் திரட்டினால் சிறு உருண்டை. நாள் முழுதும் நின்றாலும் தரமானது சில கிராம்தான் தேறும். விலைக்கும் பெயருக்கும் காரணம் இந்த உழைப்பு.

எங்கே கெடுகிறது என்பதும் இதே முறையிலேயே இருக்கிறது. அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்தால் பிசினோடு பச்சைச் சாறும் நார்த்துணுக்கும் சேரும். எடை கூடும், ஈரமும் கூடும். அந்த ஈரத்தை உள்ளே வைத்து உருட்டிச் சுற்றிவிட்டால் உள்ளுக்குள் பூசணம் பிடிக்கும். வெளிப்புறம் கறுப்பாக இருப்பது தரத்துக்கு அடையாளம் என்று நினைப்பது தவறு. காற்றும் வெளிச்சமும் பட்டால் எந்தச் சரஸும் கறுக்கும். கை வியர்வை, தோல் துணுக்கு, செடிமேல் படிந்த தூசி எல்லாம் இதில் சேர்வது தவிர்க்க முடியாதது. இதற்கு மேல் தரகர் கையில் எடை கூட்டக் கலப்பது வேறு. "இயற்கைப் பொருள், ஒன்றும் செய்யாது" என்ற பேச்சுக்கு இங்கேயே பதில் இருக்கிறது.

இந்தக் கைத்தேய்ப்புக்கு எழுத்துச் சான்றும் பழையது. 1839இல் கல்கத்தாவில் மருத்துவர் ஓஷானெஸ்ஸி கஞ்சாவின் மருத்துவப் பயன் பற்றி எழுதியபோது, நேபாளத்தில் கையால் எடுக்கும் மெழுகு போன்ற சரஸ் சாதாரணச் சரஸைவிட ஏறக்குறைய இரட்டை விலைக்குப் போகிறது என்று பதிவு செய்தார். மத்திய இந்தியாவில் தோல் ஆடை உடுத்தியவர்கள் வயலுக்குள் ஓடி, ஆடையில் ஒட்டும் பிசினைச் சுரண்டி எடுப்பதாகவும் அவர் எழுதியிருக்கிறார். பின்னால் வந்த பலரும் அந்தத் தோலாடைக் கதையை இமயமலைக்கே உரியதாக்கி எழுதிவிட்டார்கள். அவரே நேபாளத்தில் தோலாடை கிடையாது என்று பிரித்துச் சொல்லியிருந்தார்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்தியா புகைத்த சரஸில் பெரும்பங்கு இந்தக் கைச்சரக்கு இல்லை. அது சீனத் துருக்கிஸ்தானத்தின் (இன்றைய சின்ஜியாங்) யார்க்கண்டிலிருந்து காரகோரம் கணவாய் வழியாக லே நகரம் வந்து, அங்கிருந்து பஞ்சாபின் ஹோஷியார்பூர், அமிர்தசரஸ் சந்தைகளுக்கு இறங்கியது. முஸ்லிம் ஊர்களில் விளைந்து, பல மதத்து வணிகர் கைமாறி, ஆங்கிலேய அரசுக்கு வரி கட்டிய சரக்கு அது. 1930களின் நடுவில் அந்தப் பாதை அடைபட்டது. சரஸ் என்றாலே ஆதி இமய இந்துப் பொருள் என்று எண்ணுபவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

இனி வேதம். அதர்வ வேதம் 11ஆம் காண்டம், 6ஆம் சூக்தம், 15ஆம் மந்திரம்தான் எல்லோரும் காட்டுவது. சோமத்தைத் தலையாகக் கொண்ட செடிகளின் ஐந்து அரசுகளை அழைக்கிறோம். தர்ப்பை, பங்கம், யவம், சகம் ஆகியவை எங்களைத் துன்பத்திலிருந்து விடுவிக்கட்டும் என்பது அதன் பொருள். இங்கே வரும் பங்கம் கஞ்சாச் செடிதானா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. செடிதான் என்று வைத்துக்கொண்டாலும், அங்கே புகையும் இல்லை, பிசினும் இல்லை, சிவனும் இல்லை; தர்ப்பையோடும் வாற்கோதுமையோடும் நிற்கும் ஒரு காப்புச் செடி, அவ்வளவே. பாணினியின் இலக்கணத்தில் பங்கா என்பது எள், உளுந்தோடு சேர்த்து வயலில் விளையும் பயிராக வருகிறது. நாருக்கும் விதைக்கும் பயிரிட்டார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

உட்கொள்ளும் பொருளாகத் தெளிவாகத் தென்படுவது இடைக்கால மருத்துவ நூல்களில்தான். சார்ங்கதர சம்ஹிதை, செரிப்பதற்கு முன்பே உடலெங்கும் பரவும் பொருளுக்கு எடுத்துக்காட்டாகப் பங்காவையும் அபினையும் சொல்கிறது. மருந்தின் வேகத்தைக் கவனித்து எழுதிய வரி அது. தாந்திரிக நூல்களில் இதற்கு விஜயா என்று பெயர். மகாநிர்வாண தந்திரத்தில் பூஜைக்கு முன் விஜயாவைச் சுத்தி செய்து, மந்திரம் சொல்லி ஏற்கும் முறை வருகிறது. அதுவும் வாய்வழி உட்கொள்வதே. பாற்கடல் கடைந்தபோது அமுதம் சிந்திய இடத்தில் முளைத்தது, ஆலகால விஷம் குடித்த சிவனின் வெப்பம் தணிக்கக் கொடுத்தது போன்ற கதைகள் மக்கள் வழக்கில் வளர்ந்தவை. "கங்கையும் பாங்கும் அக்காள் தங்கை, இரண்டும் சிவனோடு இருக்கும்" என்று காசியில் சொல்வதும் அந்த வகைதான். அவற்றுக்கு அழகு உண்டு, பக்தி உண்டு. அவற்றை வேத வாக்கு என்று காட்டத் தேவையில்லை.

நடைமுறை வழிபாட்டுக்கு வருவோம். இதில் நமக்குக் கிடைத்த ஆகச்சிறந்த ஆவணம் 1893-94இல் ஆங்கிலேய அரசு அமைத்த இந்தியக் கஞ்சாப் பொருள் ஆணையத்தின் அறிக்கை. 1,193 பேரிடம் சாட்சியம் கேட்டு ஏழு தொகுதிகளாக வெளியிட்டார்கள். சிவ வழிபாட்டோடுதான் இச்செடிக்கு நெருக்கம் அதிகம் என்று அது கண்டது. வங்காளத்தில் விஜயதசமியன்று வீட்டில் பாங் பானம் கொடுக்கும் வழக்கத்தையும், கிழக்கு வங்காளத்தின் திரிநாத வழிபாட்டில் ஒரு பைசா கஞ்சா, ஒரு பைசா எண்ணெய், ஒரு பைசா பாக்கு வைத்துப் படைப்பதையும் பதிவு செய்தது. அங்கேயும் இலையும் பூவும்தான் முன்னால் நிற்கின்றன. முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்பது ஆணையத்தின் முடிவு.

இன்றைக்கும் உஜ்ஜைன் மகாகாளேஸ்வரர் லிங்கத்துக்குச் செய்யும் அலங்காரத்தில் அரைத்த பாங் பூசுவது உண்டு. காசியில் மகா சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் தண்டாய் என்னும் பால்பானம் செய்யும்போது இலையைப் பலமுறை கழுவி, மிளகு, சோம்பு, கசகசா, பாதாம், வெள்ளரி விதை, ஏலக்காய் சேர்த்து அம்மியில் மைய அரைத்துப் பாலில் வடிகட்டுவார்கள். பாலும் கொழுப்பும் ருசிக்கு மட்டும் சேர்ப்பவை அல்ல; போதைப்பொருள் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும்.

சாமியார்களின் சில்லம் வேறு உலகம். சில்லம் என்பது களிமண்ணால் செய்த நேர்க்குழல். உள்ளே ஒரு சிறு கல் அடைப்பாக நிற்கும். வாய்ப்புறம் நனைத்த துணி சுற்றுவார்கள். சரஸைச் சூடுகாட்டி உதிர்த்துப் புகையிலையோடு கலந்து அடைப்பார்கள். நெற்றியில் வைத்துச் சிவநாமம் சொல்லி, துனி என்னும் அணையா நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குக் கைமாற்றுவார்கள். நாகா சாதுக்களிடம் இது அதிகம். வைணவத் துறவிகளான ராமானந்திகள் சிலரிடமும் உண்டு. குளிர், பசி, தனிமை, பிரம்மச்சரியம் இவற்றைத் தாங்கத் துணை என்பது அவர்கள் சொல்லும் காரணம். வீட்டையும் பெயரையும் விட்டு, தனக்கே பிண்டம் வைத்துக்கொண்டு வந்தவர்களின் கூட்டு வழக்கம் இது. இல்லறத்தானுக்கு விதித்த விதி அன்று. எல்லாத் துறவிகளும் ஏற்றதும் அன்று. சுவாமிநாராயண சம்பிரதாயம் கஞ்சாவையும் பாங்கையும் வெளிப்படையாக விலக்குகிறது.

தமிழ்ச் சைவத்தைப் பற்றியும் கேட்பார்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன். தேவாரத்துச் சிவன் சூடுவது கொன்றை, எருக்கு, ஊமத்தம் பூ. நம் ஆகமக் கோயில்களில் பாங் நைவேத்தியம் வழக்கத்தில் இல்லை. சித்த மருத்துவத்தில் மட்டும் இச்செடிக்கு இடமுண்டு; சிவமூலி, கோரக்கர் மூலி என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை. வடக்கே நாத யோகிகள் தலைவராகக் கொள்ளும் கோரக்கநாதரை நம் சித்தர் மரபு கோரக்கராகப் போற்றுகிறது. அந்த வகையில் இமயத்துக்கும் நமக்கும் உள்ள உண்மையான இழை இதுதான். சித்த மருத்துவத்திலும் இது சுத்தி செய்து மற்ற சரக்குகளோடு அளவறிந்து சேர்க்கும் மருந்துச் சரக்கு. இந்திய மருந்து விதிகளின் நச்சுச் சரக்குப் பட்டியலில் அது இருப்பதால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை மருந்துப் புட்டியில் இருக்க வேண்டும்.

மலாணா பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. குலு மாவட்டத்தில், ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். தலைமைத் தெய்வம் ஜம்லு. ஜமதக்னி முனிவராகக் கருதப்படுபவர். ஊர்ச்சபை அவர் பெயரில் தீர்ப்பு சொல்லும். கனாஷி என்ற தனிமொழி பேசுகிறார்கள்; வெளியார் தங்களைத் தொடுவதை ஏற்பதில்லை. இச்செடியின் நாரும் விதையும் அந்த மலைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தேவைப்பட்டவை. மலாணாச் சரஸ் உலகச் சந்தையில் பெயரெடுத்ததோ 1970களுக்குப் பிறகு வெளிநாட்டுப் பயணிகள் வரத்து கூடியபின். ஜம்லு வழிபாட்டையும் சரஸ் வணிகத்தையும் ஒன்றாக்கிப் பேசுவது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். பணம் வந்ததும் வெளிநாட்டுக் கலப்பு விதைகளும் வந்தன. மலைக்குப் பழகிய நாட்டு வகையோடு மகரந்தம் கலந்து, பழைய வகை தேய்ந்து வருகிறது. ஆண்டுதோறும் காவல் துறையும் வனத் துறையும் செடிகளைப் பிடுங்கி அழிக்கின்றன. விளைவிப்பவனுக்குச் சிறு தொகையும் வழக்கும், கைமாற்றுபவனுக்குப் பெருந்தொகை என்பதுதான் அங்கே நிலை.

மலை மக்களின் வீட்டில் இச்செடி என்ன செய்தது என்பதைத்தான் அதிகம் பேச வேண்டும் என்பேன். விதை முற்றியபின் தண்டை வெட்டிக் காயவைத்து, நீரில் பல நாள் ஊறப்போட்டு, பட்டையை உரித்து அடித்து நாராக்குவார்கள். ஊறல் குறைந்தால் பட்டை தண்டை விடாது. மிஞ்சினால் நார் இற்றுப்போகும். கயிறு, சாக்கு, குலுவின் பூலா காலணி எல்லாம் இந்த நாரில் வந்தவை. தோல் சேராததால் பூலாவைக் கோயில் வளாகத்துக்குள்ளும் அணியலாம். செடிக்கும் சமயத்துக்கும் இப்படியும் ஓர் உறவு இருக்கிறது, யாரும் எழுதுவதில்லை.

குமாவோன், கர்வால் வீடுகளின் பாங் விதைச் சட்னியும் அப்படித்தான். 50 கிராம் விதையை உமி போகப் புடைத்து, வெறும் சட்டியில் சிறுதீயில் பொரிந்து மணக்கும்வரை வறுக்க வேண்டும், கருகினால் கசக்கும். ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு வற்றல் மிளகாய் வறுத்து, பூண்டு நான்கு பல், கைப்பிடி கொத்தமல்லி, உப்பு, சிறிது நீர் சேர்த்து அரைத்து, கடைசியில் ஓர் எலுமிச்சம்பழம் பிழியலாம். விதைத்தோல் பல்லில் நறநறக்கும் என்பதால் சிலர் விதையை மட்டும் முதலில் அரைத்து வடிகட்டுவார்கள். விதைக்குள் போதைப்பொருள் கிடையாது. ஒட்டியிருக்கும் உமியில்தான் பிசின் இருக்கும், புடைப்பது அதற்காகத்தான். 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க அனுமதித்தது. போதைக்கூறு விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் தாண்டக்கூடாது, விதை முளைக்கும் நிலையிலும் இருக்கக்கூடாது.

இனி சட்டம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கிறது. பிரிக்கப்பட்ட பிசின் எந்த வடிவில் இருந்தாலும் சரஸ், பூக்கொத்து கஞ்சா, பூக்கொத்தோடு சேராத இலையும் விதையும் இந்த வரையறைக்கு வெளியே. 1961ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையும் இலையையும் விதையையும் இப்படியே ஒதுக்கியது. ஆகவேதான் உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் உரிமம் பெற்ற பாங் கடைகள் நடக்கின்றன. அந்த உரிமம் அந்த மாநிலத்துக்கு மட்டும். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறாதீர்கள். பாங் உருண்டையில் பூக்கொத்து கலந்திருந்தால் அது கஞ்சா வழக்காக மாறும்.

சரஸில் 100 கிராமுக்குக் கீழே சிறு அளவு: ஓராண்டுவரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். 100 கிராமிலிருந்து ஒரு கிலோவரை இருந்தால் பத்தாண்டுவரை சிறையும் ஒரு லட்சம்வரை அபராதமும். வணிக அளவான ஒரு கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு, கூடினால் இருபது; பிணை கிடைப்பதும் மிகக் கடினம். கஞ்சாவுக்கு இதே எல்லைகள் ஒரு கிலோவும் 20 கிலோவும். எடை பார்க்கும்போது கலப்படத்தையும் சேர்த்தே எடுப்பார்கள். 2020இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. புகைத்ததற்கு மட்டும் ஆறு மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் 64ஏ பிரிவும் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது தேவைப்பட்டால் வழக்கறிஞரிடம் இந்தப் பிரிவைக் கேளுங்கள். பக்தி, பிரசாதம் என்பவற்றுக்குச் சரஸ் விஷயத்தில் சட்ட விலக்கு எதுவும் கிடையாது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவையும் அதன் பிசினையும் 1961 உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து எடுத்தது. இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. ஆனால் முதல் பட்டியலில் அவை அப்படியே இருக்கின்றன; உள்நாட்டுச் சட்டமும் மாறவில்லை. நேபாளத்திலும் 1973இல் கடை உரிமங்கள் ரத்தாகி, 1976இல் தடைச் சட்டம் வந்துவிட்டது. பசுபதிநாதரின் சிவராத்திரிக் கூட்டத்தில் சாதுக்கள் புகைப்பதைப் பார்த்து அங்கே அனுமதி இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

உடல் பற்றி ஒன்று, யாத்திரை போகிறவர்களுக்காக. புகை சில நிமிடத்தில் ஏறும். தண்டாயோ பாங் உருண்டையோ அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தே தெரியும். பிறகு ஆறேழு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். "ஒன்றும் செய்யவில்லையே" என்று இரண்டாவது குவளை குடிப்பவர்கள்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். இலைக்கு இலை வீரியம் மாறுவதால் நேற்றைய அளவு இன்றைக்குப் பொருந்தாது. இதய நோயாளிகள், மனநோய் வரலாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுவர்கள் தொடவே கூடாது.

இதைவிட ஆபத்து, பாங்கில் ஊமத்தை விதை கலப்பது. சிவனுக்கு ஊமத்தையும் சாத்துவதால் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஊமத்தை கடும் விஷம். வாய் வறண்டு, கண்மணி அகலமாக விரிந்து, உடம்பு நெருப்பாகச் சுட்டு, சிறுநீர் போகாமல், இல்லாததைப் பார்த்துப் பிதற்றினால் அது பாங் மயக்கம் என்று தூங்கவைக்காதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு என்று வாயில் ஊற்றவும் வேண்டாம், புரையேறும். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108ஐ அழையுங்கள். என்ன குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.